மேற்கே விரித்த தொழுகைப் பாய்

ரோம் நகரின் தெர்மினி நிலையத்தில் பலெர்மோ வண்டியில் ஏறி உட்கார்ந்தபோது இரவு பத்து மணி. 1998 பெப்ரவரி 11, புதன்கிழமை. படுக்கையோடு சேர்த்துப் பயணச்சீட்டு தொண்ணூற்றாறாயிரம் லீரா. தொகையைக் கேட்டதும் பகற்கொள்ளை என்று நினைத்தேன். இத்தாலியில் ஒரு கோப்பை கோப்பிக்கே ஆயிரத்து இருநூறு லீரா என்பதும், நான் கொடுத்தது முப்பத்திரண்டு பவுண்டுச் சொச்சம்தான் என்பதும் பிறகுதான் பிடிபட்டது.

ஏன் இந்தப் பயணம் என்பதை முதலிலேயே சொல்லிவிடுகிறேன். வரும் ஏப்ரலில் என் கணவரும் நானும் லண்டனிலிருந்து ஹஜ்ஜுக்குப் போகிறோம். போகுமுன் உற்றார், உறவினர், அயலவர் எல்லோரிடமும் போய் நின்று, "தெரிஞ்சோ தெரியாமலோ ஏதும் செய்திருந்தா மாப்புச் செய்யுங்கோ" என்று கேட்டு, மனக்கசப்பு இருந்தால் தீர்த்துக்கொண்டு புறப்படுவது மன்னார் முஸ்லிம்களாகிய எங்கள் வழக்கம். லண்டனில் இருந்தவர்களைப் பேருந்தேறிப் போய்ப் பார்த்தேன். புத்தளத்தில் இருந்தவர்களுக்குத் தொலைபேசி எடுத்தேன். ஒருவர் மட்டும் மிச்சம். அவர் பலெர்மோவில் இருந்தார். அவரையும் தொலைபேசியில் முடித்துவிடலாமே என்றார் கணவர். முடியாது என்றேன். மாப்புக் கேட்க வேண்டியவள் நான். ஆனால் கசப்பும் என்னிடம்தான் இருந்தது. அதைக் கம்பி வழியாக இறக்கி வைக்க எனக்குத் தெரியவில்லை.

அவர் பெயர் ரெஜினா. மன்னாரில் எங்களுக்கு அடுத்த வீடு. கத்தோலிக்கர். என்னைவிட நான்கு வயது மூத்தவர், அதனால் ரெஜினாக்கா. பெருநாளுக்கு எங்கள் வீட்டு வட்டிலப்பம் வேலி தாண்டிப் போகும், நத்தாருக்கு அவர்கள் வீட்டுப் பலகாரம் வேலி தாண்டி வரும். 1990 ஐப்பசியில் துப்பாக்கியோடு வந்தவர்கள், முஸ்லிம்கள் எல்லோரும் மன்னாரை விட்டுப் போய்விட வேண்டும் என்று அறிவித்தார்கள். புறப்படும் காலையில், கையில் ஒரு பையும் இடுப்பில் பிள்ளையுமாக, நான் ரெஜினாக்காவின் வாசலுக்குப் போய்க் கூப்பிட்டேன். சொல்லிக்கொண்டு போகத்தான். கதவு திறக்கவில்லை. இன்னொரு முறை கூப்பிட்டேன். உள்ளே ஆள் இருப்பது தெரிந்தது. திறக்கவில்லை. அந்தக் கதவை ஏழு வருடமாக என்னோடு லண்டன்வரை சுமந்துகொண்டு திரிந்தேன். ஏன் திறக்கவில்லை என்று முகம் பார்த்துக் கேட்காமல் மக்காவுக்குப் போவதில்லை என்று முடிவெடுத்துவிட்டேன்.

இரண்டாவது காரணமும் உண்டு. நான் ஊரில் சரித்திரம் படிப்பித்தவள். இப்போது ஈஸ்ட்ஹாமில் ஒரு துணிக்கடையில் நிற்கிறேன் என்றாலும் பழைய புத்தி போகவில்லை. எண்ணூறு ஆண்டுகளுக்கு முன் ஸ்பெயின் பக்கத்திலிருந்து மக்காவுக்குப் போன ஒரு ஹாஜி, திரும்பும் வழியில் சிசிலித் தீவில் தங்கி, பார்த்ததை எல்லாம் எழுதி வைத்திருக்கிறார். பலெர்மோ ஒரு காலத்தில் அரபிகள் ஆண்ட நகரம். அவர் வந்தபோது ஆட்சி கிறிஸ்தவ மன்னர்களிடம் போய்விட்டிருந்தது. பழைய பெரிய பள்ளிவாசல் தேவாலயமாகிவிட்டது. அந்தத் தேவாலயத்தின் வாசல் தூண் ஒன்றில் அரபு எழுத்து இன்னும் இருக்கிறது என்று படித்திருந்தேன். அந்தத் தூணைப் பார்க்காமலும் திரும்புவதில்லை என்று சொல்லிக்கொண்டேன்.

12ஆம் திகதி, விடிகாலை ஆறு மணி. வண்டி கரையோரம் நின்று, முன்னும் பின்னும் ஆடி, இரும்பு முட்டும் சத்தத்தோடு துண்டு துண்டாகப் பிரிந்தது. நான் பையைத் தூக்கிக்கொண்டு எழும்பினேன். எதிர்ப் படுக்கையில் இருந்த சிசிலிக்காரி கையால் இரு, இரு என்று அமர்த்தினார். "நாவே, நாவே" என்றார். ஜன்னலால் எட்டிப் பார்த்தால் எங்கள் பெட்டி ஒரு கப்பலின் வயிற்றுக்குள் போய்க்கொண்டிருந்தது! எங்கள் தலைமன்னாரில் ரயிலால் இறங்கி, மூட்டையைத் தூக்கிக்கொண்டு ஓடி, இராமேசுவரக் கப்பலைப் பிடிக்க வேண்டும். இங்கே ரயிலே கப்பல் ஏறுகிறது. எனக்கு வாய் மூட முடியவில்லை. அந்தப் பெண் என் வியப்பைப் பார்த்துச் சிரித்து ஒரு தோடம்பழத்தை உரித்துப் பாதி தந்தார்.

மேல்தளத்துக்கு ஏறிப் போனேன். காற்று ஊசி குத்துவது போல் இருந்தது. மெசினா நீரிணை அதிக அகலம் இல்லை. அக்கரை விளக்குகள் எண்ணலாம் போல் கிட்டத்தில் தெரிந்தன. அந்த ஹாஜியின் கப்பல் உடைந்தது இந்த இடத்தில்தான். மக்காவிலிருந்து வந்தவர், அத்தனை தூரம் தப்பி வந்து, கரை தெரிகிற இடத்தில் புயலில் அகப்பட்டார். கரையேறிப் பிழைத்து, பலெர்மோவுக்குப் போய், அதற்கு அப்பால் ஊருக்குக் கப்பல் தேடினார். சிசிலியின் ஊர்கள் அந்தக் காலத்து மேற்குத்திசை ஹாஜிகளுக்கு வழித்தங்கல். மக்காவுக்குப் போகிறவரும் வருகிறவரும் கப்பல் மாறும் இடம். தொழுகைக்கு அழைக்கும் பாங்குச் சத்தம் கேட்க ஏங்கியவர்கள் பள்ளிவாசல் தேடி இறங்கிய இடம். அங்கேயே நின்று விடியற்காலைச் சுபஹுத் தொழுகையைத் தொழுதேன்.

பலெர்மோவை நெருங்கும்போது வண்டி கடலை ஒட்டி ஓடியது. ஒரு பக்கம் எலுமிச்சைத் தோட்டம், மறுபக்கம் நீலம். நகரத்துக்கு வெளியே கடலோரக் கோட்டை ஒன்றின் பள்ளிவாசலில் தங்கி, நெடுநாளுக்குப் பிறகு பாங்கு கேட்டு மகிழ்ந்ததாக அந்த ஹாஜி எழுதியிருக்கிறார். அது எந்த இடம் என்று இன்று உறுதியாகச் சொல்வார் இல்லை. இதுவாக இருக்குமோ, அதுவாக இருக்குமோ என்று ஒவ்வொரு மேட்டையும் பார்த்துக்கொண்டே வந்தேன்.

பத்தரை மணிக்குப் பலெர்மோ. மேடையில் ரெஜினாக்கா நின்றார். தலை பாதி நரைத்து, கறுப்புக் கோட்டுப் போட்டு, ஒரு பெரிய குடையைப் பிடித்துக்கொண்டு. மழை இல்லை. கைக்கு ஒரு வேலை வேண்டியிருந்ததுபோல.

"வந்திட்டியோ நூரு. கோச்சி பிந்தேல்லைப்போல."

"பிந்தேல்ல அக்கா."

கட்டிப்பிடிப்பதா விடுவதா என்று இருவருக்கும் தெரியவில்லை. கடைசியில் அவர் என் பையைப் பறித்துக்கொண்டு முன்னால் நடந்தார்.

வீடு அல்பெர்கேரியாவில். நிலையத்திலிருந்து பத்து நிமிடம் நடந்தால் பலாரோச் சந்தை. சிவப்புத் துணிக்கூரைகளின் கீழே மீன், ஒலிவ், கூனைப்பூ, நத்தை, ஆட்டுத்தலை எல்லாம் கொட்டிக் கிடந்தன. வியாபாரிகள் பாட்டுப் போல ராகம் போட்டுக் கத்தினார்கள். நடுவில், "அக்கா, நல்ல பாரை வந்திருக்குது, பாருங்கோ" என்று தமிழ்க் குரல் ஒன்று. மன்னார்க்காரர், யாழ்ப்பாணத்தவர், தீவுப்பகுதியார் எல்லோரும் இந்தச் சந்துகளில்தான் இருக்கிறார்கள். காலையில் வசதியானவர்கள் வாழும் லிபெர்த்தாப் பக்கம் வீட்டு வேலைக்குப் போய், மாலையில் திரும்பி வருகிறார்கள். ரெஜினாக்காவும் அங்கேதான் ஒரு கிழட்டுச் சிஞ்ஞோராவைக் குளிப்பாட்டி, ஊட்டி, நடக்கவைக்கிறார். அவருடைய கணவர் அந்தோனி அண்ணன் ஸ்ஃபெர்ராகவால்லோவில், கடலோர மீன் உணவகம் ஒன்றில் கோப்பை கழுவுகிறார். பிள்ளைகள் இல்லை.

சந்தின் வாசலில் முழங்காலில் துணிக்கட்டுப் போட்ட ஒரு பருத்த அம்மாள் கதிரை போட்டு உட்கார்ந்து அவரைக்காய் உரித்துக்கொண்டிருந்தார். என்னை உச்சி முதல் உள்ளங்கால்வரை பார்த்து ரெஜினாக்காவிடம் ஏதோ கேட்டார்.

"கார்மெலா. கீழ் வீட்டுக்காரி" என்றார் ரெஜினாக்கா படி ஏறிக்கொண்டே. "ஆர் வந்தது, ஆர் போனது, என்ன கறி, எல்லாம் இவவுக்குத் தெரியவேணும். சீ.ஐ.டி. தோத்துப்போம்."

மேலே இரண்டு அறை வீடு. எனக்கென்று ஒழித்து வைத்திருந்த அறையைத் திறந்து காட்டினார். அடுப்படியில் புதுச் சட்டி ஒன்று பளபளத்தது. "உனக்கெண்டு வாங்கினது. இதிலை பண்டி படேல்லை, பயப்பிடாமல் சாப்பிடு" என்றார். பிறகு அறையின் நடுவில் புதுப் பாய் ஒன்றைக் காட்டினார். நுனி நேராக, சுருக்கம் இல்லாமல் விரித்திருந்தது.

"நீ தொழுறதுக்கு. மேற்கு இந்தப் பக்கம். மூண்டு நாளா ஜன்னலிலை நிண்டு சூரியன் எங்கை விழுகிதெண்டு பாத்து வச்சனான். கட்டிலையும் திருப்பிப் போட்டாச்சு. மேற்கை கால் நீட்டமாட்டியளெல்லோ?"

மன்னாரிலிருந்து பார்த்தால் மக்கா மேற்கே இருக்கிறது. எங்கள் ஊரில் மேற்கு என்பது வெறும் திசை இல்லை. கத்தோலிக்கப் பிள்ளைகள்கூட எங்கள் வீட்டுக்கு வந்தால் மேற்கே கால் நீட்டமாட்டார்கள். ரெஜினாக்கா அதை மறக்கவில்லை. ஆனால் பலெர்மோவிலிருந்து மக்கா கிழக்கே, சற்றுத் தெற்காகச் சாய்ந்து இருக்கிறது. அந்தப் பாய் மக்காவுக்கு முதுகு காட்டியது. கட்டிலோ, நான் படுத்தால் கால் நேராக கஃபாவைப் பார்க்கும்படி கிடந்தது.

"நல்லா இருக்கு அக்கா" என்றேன்.

அவர் கதவைச் சாத்திக்கொண்டு போனதும் பாயைத் திருப்பிப் போட்டு நண்பகல் லுஹர் தொழுதேன். கிழக்குப் பக்கச் சுவரில் மாதா சுரூபம் ஒன்றும் சின்ன மின்விளக்கும் இருந்தன. உருவத்தைப் பார்த்துத் தொழ முடியாது. எனவே பாயை மூலைக்கு இழுத்து, கதவோடு ஒட்டிக்கொண்டு தொழுதேன். முடிந்ததும் பழையபடி மேற்கே திருப்பி, நுனியை நேராக்கி வைத்தேன். அன்றிரவு கால் நீட்டாமல் இறால் போல் சுருண்டு படுத்தேன். விடியும்போது முழங்கால் இரண்டும் என்னுடையவையாக இல்லை.

13ஆம் திகதி, வெள்ளிக்கிழமை. ரெஜினாக்கா வேலை முடித்து மூன்று மணிக்கு வந்தார். என்னை வெளியே கூட்டிக்கொண்டு போனார். வழியில் கடலைமாவைத் தட்டிப் பொரித்து ரொட்டிக்குள் வைத்துத் தரும் 'பனெல்லே' வாங்கிச் சாப்பிட்டோம். இரண்டாயிரம் லீரா. எங்கள் ஊர் வடையின் ஒன்றுவிட்ட தங்கை என்று சொல்லலாம்.

தேவாலயம் தேன் நிறத்தில் பாதி வானத்தை மறைத்து நின்றது. கோட்டையா கோயிலா என்று தெரியாத கட்டடம். முதலில் இங்கே ஒரு தேவாலயம் இருந்தது. அரபிகள் வந்து அதைப் பெரிய பள்ளிவாசல் ஆக்கினார்கள். நோர்மன் மன்னர்கள் வந்து அதைத் திரும்பவும் தேவாலயம் ஆக்கினார்கள். அந்த ஹாஜி இந்த நகரத்தில் நின்ற காலத்தில்தான் பழையதை இடித்து இப்போதைய கட்டடத்தை எழுப்பத் தொடங்கியிருந்தார்கள். மிஞ்சிய தூண் ஒன்று தென்புற முகமண்டபத்தில், இடக்கைப் பக்கம் நிற்கிறது. கிட்டப் போனேன். உயரத்தில், கல்லோடு கல்லாகத் தேய்ந்து, ஆனால் சந்தேகத்துக்கு இடமில்லாமல், அரபு எழுத்து. இறைவன் இரவால் பகலைப் போர்த்துவதைச் சொல்லும் குர்ஆன் வசனம் அது என்று படித்திருந்தேன். பாதி எழுத்தை என்னால் கூட்ட முடிந்தது. மீதியைக் கூட்டக் கண்ணீர் விடவில்லை.

"இதோ? இது பூவேலை எண்டெல்லோ நினைச்சனான்" என்றார் ரெஜினாக்கா. "ஆறு வருசமா இதிலை முதுகைச் சாய்ச்சுக்கொண்டு நிண்டு ஊர்க்கதை கதைக்கிறம். அப்ப இது உங்கடை பள்ளியோ?"

"முந்தி உங்கட கோயில். பிறகு எங்கட பள்ளி. பிறகு உங்கட கோயில்."

"அடுத்தது ஆற்றை முறை?" என்றார். இருவரும் சிரித்துவிட்டோம். வந்த பிறகு சேர்ந்து சிரித்தது அதுதான் முதல் தடவை.

படியில் உட்கார்ந்து அவருக்கு மீதிக் கதையைச் சொன்னேன். ஹாஜி வந்தபோது இந்த நகரத்தில் முஸ்லிம்கள் இன்னும் இருந்தார்கள், வேறு பள்ளிவாசல்களும் இருந்தன. நத்தார் அன்று கிறிஸ்தவப் பெண்கள் முஸ்லிம் பெண்களைப் போலவே முக்காடிட்டுப் பட்டுடுத்திக் கோயிலுக்குப் போனதைக் கண்டு அவர் வியந்திருக்கிறார். ஆனால் வெளியே சொல்லாத பயம் ஒன்று முஸ்லிம்களின் பேச்சில் இருந்தது என்றும் எழுதியிருக்கிறார். இரண்டு மூன்று தலைமுறைக்குள் சிசிலியின் முஸ்லிம்களைத் தீவை விட்டே கடல் கடத்தி அப்புறப்படுத்திவிட்டார்கள். லண்டன் நூலகத்தில் இதைப் படித்தபோது புத்தகத்தை மூடி வைத்துவிட்டு எழும்பிப் போய்விட்டேன். மன்னன் என்ன ஆணையிட்டான் என்பது நூலில் இருக்கிறது. போனவர்களின் அயல்வீட்டார் அன்று காலை என்ன செய்தார்கள் என்பது எந்த நூலிலும் இல்லை.

இதுதான் சமயம் என்று நினைத்தேன். "ரெஜினாக்கா, நாங்க வெளிக்கிட்ட அண்டைக்கு..." என்று தொடங்கினேன்.

அவர் சட்டென்று எழும்பினார். "குளிருது நூரு. வா, மீன் ஆஞ்சு வைக்கவேணும்."

கேட்காமல் போவதில்லை, கேட்காமல் போவதில்லை என்று மனதுக்குள் சொல்லிக்கொண்டே பின்னால் நடந்தேன்.

14ஆம் திகதி, சனிக்கிழமை. பழைய நகரத்தின் சந்தொன்றில், கைவிடப்பட்ட தேவாலயக் கட்டடம் ஒன்று சில வருடங்களாகப் பள்ளிவாசலாக இருப்பதாகக் கேள்விப்பட்டிருந்தேன். போக வேண்டும் என்றேன். "தனியப் போனா வழி தவறிப்போவாய்" என்று ரெஜினாக்கா கூடவே வந்தார். வாசலில் சால்வையை எடுத்துத் தலையில் போட்டுக்கொண்டார். மன்னார்க் கோயிலில் பூசைக்குப் போடும் அதே முக்காடு. எண்ணூறு வருடத்துக்கு முன் நத்தார் அன்று இந்தத் தெருவில் போனவர்களும் இப்படித்தான் இருந்திருப்பார்கள்.

கதவைத் திறந்தவர் துனிசியாக்காரர், நரைத்த தாடி. ரெஜினாக்கா இத்தாலியனில் விளக்கினார். அவர் என்னைப் பார்த்து, "தமில்? முசுல்மானா?" என்று கேட்டார். நம்பவில்லை. பலெர்மோவில் தமிழர் என்றால் ஒன்று கத்தோலிக்கர், அல்லது இந்துக்கள். நான் சலாம் சொன்னதும்தான் முகம் மலர்ந்து, "ப்ரேகோ, ப்ரேகோ" என்று வழிவிட்டார். பெண்களுக்கு ஓர் ஓரத்தைக் காட்டினார். ரெஜினாக்காவையும் உள்ளே வரச்சொல்லி, வாசலருகே வாங்கில் இருக்கச் சொன்னார்.

பாங்கு கூறினார்கள். ஒலிபெருக்கி இல்லை. ஒருவர் எழுந்து நின்று, காதில் கைவைத்து, அந்தக் கட்டடத்துக்குள் மட்டும் கேட்கும்படி கூறினார். உயரமான கூரை அந்தக் குரலை எடுத்துச் சுழற்றியது. வழிப்பயணத்தில் பாங்கு கேட்கும் சந்தோசம் என்னவென்று அந்த ஹாஜி எழுதியது எனக்கு அப்போதுதான் விளங்கியது. மனம் நிறைந்து தொழுதேன்.

தொழுது முடித்துத் திரும்பினேன். ரெஜினாக்காவின் முகம் சரியில்லை. சந்துக்குள் இறங்கியதும் கேட்டார்.

"நூரு, இவையள் எந்தப் பக்கம் பாத்து நிண்டவை?"

"மக்காப் பக்கம்."

"மக்கா மேற்கிலையெல்லோ? இவையள் கடல் பக்கமாயெல்லோ திரும்பி நிக்கினம். அது கிழக்கு."

இனி மறைக்க முடியாது. "மன்னாரிலயிருந்து மேற்கு அக்கா. இஞ்சயிருந்து கிழக்கு. நாங்க மக்காவையும் தாண்டி வந்திட்டம்."

வீடுவரை அவர் எனக்கு முன்னால் வேகமாக நடந்தார். கார்மெலா வாசலில் ஏதோ கேட்டார், அவரைக் கடந்து படியேறினார். நேராக என் அறைக்குள் போய்ப் பாயைப் பார்த்தார். கட்டிலைப் பார்த்தார்.

"அப்ப ரெண்டு நாளா எப்பிடித் தொழுதனீ?"

"திருப்பிப் போட்டுத் தொழுதிட்டு, பிறகு நீங்க வச்ச மாதிரியே வச்சிருவன்."

"ஏன் சொல்லேல்லை?"

"சூரியன் பாத்து வச்சீங்க. எப்பிடி அக்கா சொல்றது?"

அவர் கட்டிலில் உட்கார்ந்துவிட்டார். "ஒரு பாய் பிழையாக் கிடக்குது எண்டு சொல்ல உனக்கு வாய் வரேல்லை. அப்ப மற்றதை எப்பிடிக் கேக்கப்போறாய்? அதுக்குத்தானே இவ்வளவு தூரம் வந்தனீ. எனக்குத் தெரியாதோ? நீ ரெலிபோன் எடுத்த நாளிலையிருந்து நித்திரை இல்லை. கேள்."

கேட்டேன். "நான் கூப்பிட்டது கேட்டதா?"

"கேட்டது. கதவுக்குப் பின்னாலைதான் நிண்டனான். தாழ்ப்பாளிலை கை வச்சபடி. நீ ரெண்டு தரம் கூப்பிட்டனீ. உன்ரை பிள்ளை அழுததும் கேட்டது."

"யாரும் திறக்க வேணாமெண்டு சொன்னாங்களா?"

"இல்லை. ஆரும் சொல்லேல்லை. ஆரும் எங்களை வெருட்டவும் இல்லை. அவையிலை பழி போட்டுத் தப்பலாம், நான் போடமாட்டன். பயந்தனான் நூரு. அவங்களுக்கும் பயந்தனான், உன்ரை முகத்தைப் பாக்கவும் பயந்தனான். வேறை கதை ஒண்டும் இல்லை."

ஏழு வருடமாக அவருக்காக நானே காரணங்கள் கட்டி வைத்திருந்தேன். காய்ச்சலாக இருந்திருக்கலாம், துப்பாக்கியோடு உள்ளே யாரும் நின்றிருக்கலாம். அவர் அவற்றில் ஒன்றையும் எடுத்துக்கொள்ளவில்லை. முதலில் எனக்குக் கோபம்தான் வந்தது. ஒரு தாழ்ப்பாள்! அதை இழுக்க எவ்வளவு நேரம் வேண்டும்? "போயிட்டு வா" என்று சொல்ல ஓர் ஆள் இல்லாமல் ஊரை விட்டுப் போனோமே என்று கத்திவிட்டேன். அவர் தலை குனியவில்லை. என் முகத்தைப் பார்த்தபடி எல்லாவற்றையும் வாங்கிக்கொண்டார். கத்தி முடித்த பிறகு அழுகை வந்தது. அழுது முடித்த பிறகு, வந்த வேலை நினைவுக்கு வந்தது.

"அக்கா, நான் ஹஜ்ஜுக்குப் போறன். என்னை மாப்புச் செய்யுங்கோ."

"நீ என்னட்டைக் கேக்கிறதோ?" என்றார். "நான் கேக்கவேண்டியதை நீ கேக்கிறாய்."

"எங்கட வழக்கம் அப்பிடி. போறவதான் கேக்கணும். நீங்களும் கேளுங்கோ, நானும் தாறன்."

அவர் கேட்டார். நான் கொடுத்தேன். வாயால் கொடுப்பது சுலபம். மனம் முழுவதும் கொடுத்ததா என்று அப்போது எனக்கே நிச்சயமில்லை. ஆனால் தொடங்கியாயிற்று.

மாலையில் அந்தோனி அண்ணன் ஒரு பொதி மீனோடு வந்தபோது ரெஜினாக்கா கட்டிலை இழுத்துக்கொண்டிருந்தார். "என்னப்பா, வீட்டையே திருப்பிறாய்?" என்றார் அவர். "பேசாமல் அந்தக் காலைப் பிடியும்" என்று பதில் வந்தது. கட்டில் திரும்பியது. பாய் கிழக்கே, சற்றுத் தெற்காகச் சாய்ந்தது. பிறகு ரெஜினாக்கா சுவரிலிருந்த மாதா சுரூபத்தை இரண்டு கையாலும் தூக்கி, எதிர்ச் சுவருக்குக் கொண்டுபோனார். வேண்டாம் அக்கா, நான் மூலையில் தொழுவேன் என்று தடுத்துப் பார்த்தேன்.

"நீ சும்மா இரு. மாதா ஒண்டும் நினைக்கமாட்டா. அவவும் பிள்ளையைத் தூக்கிக்கொண்டு ஊரை விட்டு ஓடினவதானே" என்றார்.

அன்றிரவு மூன்று நாளில் முதல் தடவையாகக் காலை நீட்டிப் படுத்தேன்.

15ஆம் திகதி, ஞாயிறு. வண்டி காலை பத்து மணிக்கு. அந்தோனி அண்ணனுக்கு ஞாயிற்றுக்கிழமைதான் வேலை அதிகம், விடியவே போய்விட்டார். ரெஜினாக்கா புதுச் சட்டியைக் காகிதத்தில் சுற்றி என் பைக்குள் வைத்தார். "கொண்டு போ. இனி இதிலை நான் என்ன சமைப்பன் எண்டு எனக்கே தெரியாது" என்றார். சிரித்தேன். கோட்டை மாட்டிக்கொண்டு இருவரும் படி இறங்கினோம். பாதிப் படியில் திரும்பிப் பார்த்தால் மேலே வீட்டுக் கதவு அகலத் திறந்து கிடந்தது.

"அக்கா, கதவு பூட்டேல்ல!"

"தெரியும்."

"மறந்திட்டீங்களா?"

"மறக்கேல்லை. இண்டைக்குப் பூட்டமாட்டன்."

பலாரோ எப்பேர்ப்பட்ட இடம் என்று அவரே மூன்று நாளாகச் சொல்லிக்கொண்டிருந்தார். கழுத்துச் சங்கிலியை உள்ளே விடு, பையை முன்னால் பிடி என்றெல்லாம். நான் மேலே ஓடப் பார்த்தேன். அவர் என் கையைப் பிடித்து இழுத்துக்கொண்டு நடந்தார். "போறது போகட்டும். நீ வா."

கார்மெலா வழக்கம்போல் கதிரையில் இருந்தார். அண்ணாந்து எங்கள் கதவைப் பார்த்தார், பிறகு எங்களைப் பார்த்தார். ரெஜினாக்கா நிற்கவில்லை.

நிலையத்தில் வண்டி தயாராக நின்றது. ஏறி ஜன்னலைத் திறந்தேன். "போயிட்டு வாறன் அக்கா" என்றேன். தமிழர் எல்லோரும் தினமும் பத்துத் தடவை சொல்லும் பேச்சு. அவரிடம் அதைச் சொல்ல எனக்கு ஏழு வருடம் எடுத்தது.

"போட்டு வா, நூரு" என்றார். "போட்டு வா."

"ஓடிப்போய்க் கதவைப் பூட்டுங்கோ!" என்று கத்தினேன். அவர் தலையை ஆட்டிவிட்டு அங்கேயே நின்றார். வண்டி நகர்ந்து, மேடை முடிந்து, வளைவு திரும்பும்வரை அந்தக் கறுப்புக் கோட்டு நின்ற இடத்தைவிட்டு அசையவில்லை.

திரும்பி வரும் வழியில், ரயில் மறுபடியும் கப்பல் ஏறியபோது, ஊரை நினைத்தேன். எங்கள் மன்னார் வீட்டில் இப்போது யார் இருக்கிறார்கள், கதவு இருக்கிறதா, நிலையே இருக்கிறதா என்று எனக்குத் தெரியாது. பள்ளிவாசல் தேவாலயமாகி, தேவாலயம் பள்ளிவாசலாகி, கல் மட்டும் நிற்பதைப் பலெர்மோவில் பார்த்தேன். கட்டடங்கள் எப்படியோ மனிதரைப் பொறுத்துக்கொள்கின்றன. நாம்தான் சிரமப்படுகிறோம். அந்தக் கப்பலில், அந்தக் குளிரில், எனக்கு ஊர் திரும்பும் ஆசை முதல் தடவையாகக் கோபம் கலக்காமல் வந்தது.

லண்டன் வந்து சேர்ந்ததும் முதல் வேலையாகத் தொலைபேசி எடுத்தேன். என்ன போனது, என்ன மிஞ்சியது என்று கேட்டேன்.

"ஒண்டும் போகேல்லை" என்றார் ரெஜினாக்கா. "நான் திரும்பி வந்து பாத்தா, கார்மெலா தன்ரை கதிரையைத் தூக்கிக்கொண்டு படியேறி வந்து எங்கடை வாசலிலை குந்தியிருக்கிறா. அந்த முழங்காலோடை! அவரையை அங்கை வச்சே உரிச்சு முடிச்சிட்டா. ஏன் பூட்டாமல் போனனீ எண்டு ஒரு கேள்விகூடக் கேக்கேல்லை."

ஏப்ரலில் ஹஜ்ஜின்போது அரஃபாத் வெளியில் நின்று யார் யாருக்காகத் துஆக் கேட்க வேண்டும் என்று சொந்தங்கள் எல்லோரும் என்னிடம் பெயர் தந்திருக்கிறார்கள். அவற்றோடு நானாகச் சேர்த்துக்கொண்ட பெயர்கள் இரண்டு. ஒன்று ரெஜினா. மற்றது, நான் ஒரு வார்த்தைகூடப் பேசியிராத, பலெர்மோவின் அல்பெர்கேரியாவில் கீழ் வீட்டில் இருக்கும் கார்மெலா.